தசைக் கலத்தைக் காக்கும் டிஸ்ரோபின்: ஒரு பரம்பரையலகும் அதன் புரதமும்

கலம், இழையம், தலைமுறையுரிமை ஆகிய மூன்றும் பாடநூலில் தனித்தனி அலகுகளாகவே இடம்பெறுகின்றன. இதனால் மாணவர் பலர் அவற்றைத் தனித்தனியாகவே மனனஞ் செய்கின்றனர். எனினும் உயிருள்ள உடலில் இவை வேறு வேறானவை அல்ல. பரம்பரையலகு ஒன்றில் ஏற்படும் மாற்றம் கலத்தில் ஒரு புரதத்தைப் பாதிக்கின்றது. அப்புரதத்தின் குறை இழையத்தைச் சிதைக்கின்றது. சிதைந்த இழையம் ஒரு பிள்ளையின் நடையையே மாற்றிவிடுகின்றது. இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டும் ஓர் உதாரணமே டிஸ்ரோபின் ஆகும்.

டிஸ்ரோபின் என்னும் பெயரை மனனஞ் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நீங்கள் கற்ற விடயங்களை, கற்றிராத ஒரு சந்தர்ப்பத்திற் பிரயோகிக்கப் பழகுவதே நோக்கமாகும்.

இதனைக் கற்றபின் உங்களால்,
• கலத்தினுள் அக்ரின் இழைகளின் தொழில்களைக் கூறவும்,
• டிஸ்ரோபின் தசை நாரை எவ்வாறு பாதுகாக்கின்றது என விளக்கவும்,
• ஒரே பரம்பரையலகின் விகாரங்கள் கடுமையான நோயையும் இலேசான நோயையும் தருவது ஏன் எனக் காரணங் காட்டவும்,
• இலிங்கமிணைந்த தலைமுறையுரிமையை வரிப்படம் மூலம் காட்டவும் முடிதல் வேண்டும்.

1. விடை தேட வேண்டிய வினா

தசை சுருங்குவதற்கு அக்ரின், மயோசின் எனும் இரு புரத இழைகள் தேவை. மயோசின் இழை அக்ரின் இழையைப் பற்றி இழுப்பதால் தசை சுருங்குகின்றது. இதற்கான சக்தி ஏ.ரி.பி. மூலக்கூறுகளிலிருந்து கிடைக்கின்றது.

டுசென் தசைச்சிதைவு நோய் உள்ள ஒரு சிறுவனின் தசை நார்களில் அக்ரின் உண்டு, மயோசினும் உண்டு, ஏ.ரி.பி. யும் உண்டு, நரம்புகளும் பழுதற்றவை. ஆயினும் அவனது தசைகள் ஆண்டுக்காண்டு அழிந்து செல்கின்றன. சுருங்குவதற்கு வேண்டிய யாவும் இருந்தும் தசை அழிவது ஏன்? இவ்வினாவை மனத்திற் கொண்டு தொடர்ந்து வாசியுங்கள்.

2. கலத்தினுள் ஒரு வன்கூடு

விலங்குக் கலத்திற்குக் கலச்சுவர் இல்லை. அப்படியாயின் அதன் வடிவத்தைப் பேணுவது எது? குழியவுருவினுள் பரந்து காணப்படும் புரத இழைகளின் வலையமைப்பே ஆகும். இது குழியவன்கூடு எனப்படும். இதில் நுண்புன்குழாய்கள், இடைத்தர இழைகள், நுண்ணிழைகள் என மூவகை உண்டு. நுண்ணிழைகள் அக்ரின் புரதத்தால் ஆனவை. ஓர் அக்ரின் இழையின் விட்டம் ஏறத்தாழ 7 நனோமீற்றர் ஆகும். அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்குகளாகப் பிரித்தால் அவற்றுள் ஏழு பங்கு.

அக்ரின் 1942 ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டில் புருனோ ஸ்ட்ரோப் என்பவரால் தசையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தசைக்கு மட்டும் உரியதென முதலிற் கருதப்பட்ட இப்புரதம், கருவுள்ள எல்லாக் கலங்களிலும் உள்ளதெனப் பின்னர் அறியப்பட்டது. வெண்குழியம் பற்றீரியாவை நோக்கி நகர்வதும், பிரியும் விலங்குக் கலம் நடுவே ஒடுங்கி இரண்டாவதும் அக்ரின் இழைகளாலேயே ஆகும்.

அக்ரின் இழை தனித்து இவ்வேலைகளைச் செய்வதில்லை. அதனுடன் பிணையும் வேறு புரதங்களே அது எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும் எனத் தீர்மானிக்கின்றன. இவை அக்ரின் பிணைப்புப் புரதங்கள் எனப்படும். அவற்றுட் சில வருமாறு:

மயோசின் – அக்ரின் இழையை இழுத்து அசைவை உண்டாக்கும்.
துரோபோமயோசின் – தசை ஓய்விலுள்ளபோது, மயோசின் பிணையும் இடங்களை மறைக்கும்.
கோபிலின் – பழைய அக்ரின் இழைகளைத் துண்டாக்கும்.
ஆல்பா அக்ரினின் – அக்ரின் இழைகளை ஒன்றோடொன்று குறுக்காக இணைக்கும்.
ஸ்பெக்ரின் – செங்குழியத்தின் மென்சவ்வின் கீழ் வலைபோல் அமைந்து, இருபுறமும் குழிந்த வடிவத்தைப் பேணும்.
டிஸ்ரோபின் – தசை நாரின் உள்ளேயுள்ள அக்ரினைக் கலமென்சவ்வுடன் இணைக்கும்.

ஒவ்வொரு புரதத்தையும் ஆக்குவதற்கான அறிவுறுத்தல் அதற்குரிய பரம்பரையலகில் உள்ளது. எனவே அறிவுறுத்தல் பிழையானால், அக்ரினில் எக்குறையும் இல்லாவிடினும் அக்குறித்த வேலை நடைபெறாது போகும்.

3. டிஸ்ரோபினின் அமைப்பு

டிஸ்ரோபின் 3685 அமினோ அமிலங்கள் தொடராக இணைந்து உண்டான நீண்ட புரதம். விளங்கிக்கொள்வதற்கு இலகுவாக இதனை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம்.

(அ) முன் முனை: அக்ரின் இழையுடன் பிணையும் பகுதி.
(ஆ) நடுத்தண்டு: ஒரே மாதிரியான 24 துண்டுகள் அடுத்தடுத்து அமைந்த நீண்ட பகுதி. இங்கும் அக்ரினுடன் பிணையும் ஓர் இடமுண்டு.
(இ) பின் முனைப் பகுதி: கலமென்சவ்விலுள்ள டிஸ்ரோகிளைக்கன் என்னும் புரதத்துடன் பிணையும் பகுதி.

டிஸ்ரோகிளைக்கன் மென்சவ்வினூடாக வெளியே சென்று, தசை நாரைச் சூழ்ந்துள்ள லமினின் எனும் புரதத்துடன் பிணைகின்றது. ஆகவே உள்ளிருந்து வெளியே செல்லும் தொடர் பின்வருமாறு அமையும்:

அக்ரின் → டிஸ்ரோபின் → டிஸ்ரோகிளைக்கன் → லமினின்

இங்கு ஒரு விடயத்தைக் கவனித்தல் வேண்டும். தசை நாரில் அக்ரின் இரு இடங்களிற் காணப்படுகின்றது. மயோசினுடன் சேர்ந்து சுருக்கத்தை ஏற்படுத்தும் அக்ரின் ஒன்று. கலமென்சவ்வின் உட்பக்கத்தை அடுத்துள்ள குழியவன்கூட்டு அக்ரின் மற்றையது. டிஸ்ரோபின் பிணைவது இரண்டாவதுடனேயாகும். எனவே டிஸ்ரோபின் தசையைச் சுருக்கும் பொறியின் உறுப்பன்று.

4. டிஸ்ரோபினின் தொழில்

தசை நார் சுருங்கும்போது அதன் கலமென்சவ்வும் இழுபடுகின்றது. சுமையைத் தாங்கியவாறே தசை நீளும்போது இவ்விழுவை மேலும் கூடும். படியிறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை இவ்வாறே தொழிற்படுகின்றது. கலமென்சவ்வு மிக மெல்லிய இலிப்பிட்டுப் படலம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அது கிழியாதிருக்க வேண்டுமாயின் உள்ளே தோன்றும் விசை ஓரிடத்திற் குவியாது, வெளியேயுள்ள தொடுப்பிழையத்திற்குப் பரவலாகக் கடத்தப்படல் வேண்டும். இதற்கு உதவுவதே டிஸ்ரோபினின் தொழிலாகும்.

செயற்பாடு: மெல்லிய பொலித்தீன் தாளொன்றில் இரு துளைகள் இடுங்கள். ஒரு துளையைச் சூழ ஒட்டு நாடாவை நன்கு ஒட்டுங்கள். மற்றையதை அப்படியே விடுங்கள். இரண்டிலும் நூல் கட்டி, ஒரே மாதிரி இழுத்துப் பாருங்கள்.

அவதானம்: வெறுந்துளை இலகுவிற் கிழியும். நாடா ஒட்டிய துளை கூடிய விசையைத் தாங்கும்.

விளக்கம்: நாடா, விசையைப் பெரிய பரப்பிற் பரப்புகின்றது. தறப்பாளின் ஓரத்தில் உலோக வளையங்கள் பொருத்தப்பட்டிருப்பதும் இதற்காகவே. வளையமில்லாத தறப்பாளும் முதல் நாளில் நன்றாகவே நிற்கும். ஆனால் காற்று வீச வீசக் கயிறு கட்டிய இடங்களிலிருந்து கிழிந்து செல்லும். டிஸ்ரோபினற்ற தசை நாரின் நிலையும் இத்தகையதே. எனினும் தறப்பாள் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது, தசை நார் ஓரளவு திருத்திக்கொள்ளும் என்னும் வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

1993 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனை உறுதிப்படுத்தியது. டிஸ்ரோபினற்ற சுண்டெலிகளின் தசைகள், பழுதற்ற மென்சவ்வினூடாகப் புகமுடியாத ஒரு சாயத்துள் வைக்கப்பட்டுச் சுருங்கச் செய்யப்பட்டன. சாதாரண சுண்டெலியின் தசையிலும் பார்க்க இவற்றில் மிகக் கூடுதலான நார்களினுள் சாயம் புகுந்தது. சேதத்தின் அளவு, சுருக்கங்களின் எண்ணிக்கையிலன்றி மென்சவ்வு தாங்கிய இழுவையின் அளவிலேயே தங்கியிருந்தது.

நாம் முதலிற் கேட்ட வினாவிற்கான விடை இதுவேயாகும். அந்தச் சிறுவனின் தசைக்குச் சுருங்கத் தெரியும். தனது சுருக்கத்தையே தாங்கிக்கொள்ளத்தான் அதனால் முடியவில்லை.

நினைவிற் கொள்க: டிஸ்ரோபின், தசையின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 0.002% மட்டுமே. ஒரு புரதத்தின் முக்கியத்துவம் அதன் அளவிலன்றி அது செய்யும் வேலையிலேயே தங்கியுள்ளது.

5. டிஸ்ரோபின் இல்லாதபோது நிகழ்பவை

படிமுறையாக நோக்குவோம்.

(1) கலமென்சவ்விற் சிறு கிழிவுகள் ஏற்படும்.
(2) வெளியிலுள்ள கல்சியம் அயன்கள் அளவுக்கதிகமாக உட்புகும்.
(3) கல்சியத்தினால் தூண்டப்படும் நொதியங்கள் கலத்தின் சொந்தப் புரதங்களையே பகுக்கத் தொடங்கும். தசை நார் இறக்கும்.
(4) உள்ளேயிருந்த கிரியற்றின் கைனேசு எனும் நொதியம் குருதிக்குள் கசியும். குருதியில் இதன் அளவு சாதாரண அளவிலும் பத்து முதல் நூறு மடங்கு வரை உயரலாம். நோயை ஐயுறுவதற்கு இக்குருதிச் சோதனை உதவுகின்றது.
(5) தசையிலுள்ள சிறப்பான சில கலங்கள் பிரிந்து புதிய நார்களை ஆக்கும். ஆனால் அவற்றிலும் டிஸ்ரோபின் இல்லையாதலால் அவையும் சிதையும்.
(6) காலப்போக்கிற் புதுப்பிக்கும் ஆற்றல் குன்ற, அழிந்த நார்களின் இடத்தைக் கொழுப்பிழையமும் நார்த்தொடுப்பிழையமும் நிரப்பும்.

குழந்தை பிறந்தவுடன் நோய் வெளித்தெரியாமைக்கு ஐந்தாம் படியும், கெண்டைக்காற் பகுதி பருத்துத் தோன்றியும் பலமற்றிருப்பதற்கு ஆறாம் படியும் காரணமாகும்.

நோயின் அறிகுறிகள் பொதுவாக 2 முதல் 5 வயதுக்குள் தென்படுகின்றன. பிள்ளை அடிக்கடி விழும். ஓட, படியேறக் கடினப்படும். தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடைகளில் ஊன்றி, தன் உடலின் மேலேயே ஏறுவதுபோல் எழும். இதனை ஆங்கில மருத்துவர் வில்லியம் கவர்ஸ் விவரித்தமையால் இது கவர்ஸ் குறி எனப்படுகின்றது. சிகிச்சை கிடைக்காவிடின் ஏறத்தாழ 12 வயதளவில் சக்கர நாற்காலி தேவைப்படும். இதயத்தசையும் பிரிமென்றகடு முதலிய சுவாசத் தசைகளும் ஓய்வின்றிச் சுருங்குபவை. அவையும் பாதிக்கப்படுவதே நோயின் பாரதூரமான விளைவாகும்.

இப்பரம்பரையலகிலிருந்து மூளை, விழித்திரை ஆகியவற்றிலும் டிஸ்ரோபினின் வேறு வடிவங்கள் ஆக்கப்படுகின்றன. இதனாலேயே நோயுள்ள சில பிள்ளைகளுக்குக் கற்றலிலும் இடர்ப்பாடு காணப்படுகின்றது.

6. பரம்பரையலகு கண்டறியப்பட்ட வரலாறு

இங்கிலாந்தின் மருத்துவரான எட்வேட் மெரியன், 1852 இல் வெளியிட்ட கட்டுரையில் இந்நோயை விவரித்தார். தசை நாரின் மென்சவ்வு சிதைந்திருந்ததையும், குடும்பங்களில் ஆண்பிள்ளைகளே பாதிக்கப்பட்டதையும் அவர் அவதானித்தார். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் குய்லோம் டுசென் 1868 இல் மேலும் விரிவாக விவரித்தமையால் நோய் அவர் பெயரைப் பெற்றது.

காரணம் தெரியவந்தது நூறு ஆண்டுகளுக்கும் பின்னராகும். வழமையாக, முதலிற் புரதம் அறியப்பட்டுப் பின்னரே அதற்குரிய பரம்பரையலகு தேடப்படும். இந்நோயிலோ எப்புரதம் குறைவென எவருக்குந் தெரியாது. எனவே நோயாளர் சிலரின் எக்ஸ் நிறமூர்த்தத்தில் எப்பகுதி இழக்கப்பட்டுள்ளதென ஆராயப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் லூயிஸ் குங்கெலின் ஆய்வுக் குழுவினர் 1986 இல் பரம்பரையலகின் பகுதியை இனங்கண்டு, 1987 இல் அதன் புரதத்தையும் கண்டு, அதற்கு டிஸ்ரோபின் எனப் பெயரிட்டனர். மெரியன் நுணுக்குக்காட்டியிற் கண்ட சிதைந்த மென்சவ்வுக்கு விளக்கம் கிடைக்க 135 ஆண்டுகள் சென்றன.

இப்பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தின் குறுகிய புயத்தில் அமைந்துள்ளது. ஏறத்தாழ 22 இலட்சம் மூலச் சோடிகளைக் கொண்ட இது, மனிதனிலுள்ள மிகப் பெரிய பரம்பரையலகுகளுள் ஒன்றாகும். இதனை ஒரு தடவை பிரதி செய்வதற்குக் கலத்திற்கு ஏறத்தாழ 16 மணித்தியாலம் தேவைப்படும். ஆனால் புரதத்தை ஆக்குவதற்கான குறியீடு இதில் ஏறத்தாழ 0.5% மட்டுமே. அது 79 துண்டுகளாகப் பரம்பரையலகு முழுவதும் சிதறியுள்ளது. ஒவ்வொரு துண்டும் எக்சோன் எனப்படும். இடையிலுள்ள பகுதிகள் நீக்கப்பட்டு எக்சோன்கள் வரிசையாக ஒட்டப்பட்ட பின்னரே தூது ஆர்.என்.ஏ. முழுமை பெறுகின்றது. பரம்பரையலகு இவ்வளவு பெரிதாயிருப்பதால் அதில் விகாரம் ஏற்படும் வாய்ப்பும் கூடுதலாகும்.

7. சிறிய இழப்பு, பெரிய நோய்

டிஸ்ரோபின் பரம்பரையலகின் விகாரத்தால் உண்டாகும் மற்றொரு நோய் பெக்கர் தசைச்சிதைவு நோயாகும். இது பிந்திய வயதில் தோன்றி, மெதுவாக முன்னேறும். வியப்பான விடயம் யாதெனில், பெக்கர் நோயாளர் சிலரில் இழக்கப்பட்டுள்ள பகுதி, டுசென் நோயாளர் பலரில் இழக்கப்பட்டதிலும் பெரிது. கூடுதலாக இழந்தவருக்கு இலேசான நோயும், குறைவாக இழந்தவருக்குக் கடுமையான நோயும் ஏற்படுவது எவ்வாறு?

இறைபோசோம், தூது ஆர்.என்.ஏ. யை மூன்று மூன்று எழுத்துக்களாகவே வாசிக்கின்றது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். இதனை விளங்கிக்கொள்ளப் பின்வரும் வாக்கியத்தை நோக்குங்கள். இதிலுள்ள சொற்கள் யாவும் மூன்றெழுத்துச் சொற்கள்.

தம்பி | சென்று | பழம் | ஐந்து | வாங்கு

மூன்று எழுத்துக்களை (ஐந்து) நீக்கினால்:

தம்பி | சென்று | பழம் | வாங்கு

வாக்கியம் குறுகிவிட்டது; ஆயினும் பொருள் உண்டு. இப்போது முதல் வாக்கியத்திலிருந்து 'செ' என்னும் ஓரெழுத்தை மட்டும் நீக்கி, மும்மூன்றாக வாசியுங்கள்:

தம்பி | ன்றுப | ழம்ஐ | ந்துவா | ங்கு

நீக்கியது ஓரெழுத்தே, கெட்டதோ அதன்பின் வந்த யாவும். டிஸ்ரோபினிலும் இதுவே நிகழ்கின்றது.

எக்சோன் 45 இல் 176 எழுத்துக்கள் உண்டு. 176 மூன்றால் மீதியின்றி வகுபடாது. எனவே இவ்வொரு எக்சோனை இழந்தால் வாசிப்பு ஒழுங்கு குலைந்து, விரைவில் ஒரு நிறுத்தற்குறி வந்துவிடும். புரதம் இடைநடுவில் நின்று, சிதைக்கப்படும். மென்சவ்வுடன் பிணையும் பின் முனைப் பகுதி ஆக்கப்படுவதேயில்லை. விளைவு பொதுவாக டுசென் நோயாகும்.

எக்சோன்கள் 45, 46, 47 ஆகிய மூன்றும் இழக்கப்பட்டால், 176 + 148 + 150 = 474. இது 3 × 158. எனவே 158 அமினோ அமிலங்கள் மட்டும் குறைந்து, நடுத்தண்டு சற்றுக் குறுகிய டிஸ்ரோபின் உண்டாகும். அக்ரினைப் பற்றும் முன் முனையும் மென்சவ்வைப் பற்றும் பின் முனைப் பகுதியும் அப்படியே இருப்பதால் இணைப்பு பேணப்படும். விளைவு பொதுவாகப் பெக்கர் நோயாகும்.

1990 இல் வெளியிடப்பட்ட ஓர் அறிக்கையின்படி, டிஸ்ரோபினின் 46% பகுதியை இழந்த ஒருவர் 61 வயதிலும் நடமாடக்கூடியவராக இருந்தார். கயிறு குறுகினாலும் இரு முனைகளும் கட்டப்பட்டிருந்தால் அது பயன்படும். ஒரு முனை அவிழ்ந்த கயிறு எவ்வளவு நீளமாயினும் பயனில்லை.

8. தலைமுறையுரிமை

பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளதாலும் விகார எதிருரு பின்னிடைவானது ஆதலாலும், செம்பச்சை நிறக்குருடு, ஈமோபீலியா ஆகியவற்றைப் போன்றே இந்நோயும் கடத்தப்படுகின்றது. டுசென் நோய் ஏறத்தாழ 3500 முதல் 5000 வரையான ஆண் பிறப்புகளுக்கு ஒன்று என்னும் வீதத்திற் காணப்படுகின்றது.

சாதாரண எதிருருவை எக்ஸ்+ எனவும் விகார எதிருருவை எக்ஸ்– எனவும் குறிப்போம்.

பெற்றோர்: காவியான தாய் (எக்ஸ்+ எக்ஸ்–) × சாதாரண தந்தை (எக்ஸ்+ வை)
தாயின் புணரிகள்: எக்ஸ்+, எக்ஸ்–
தந்தையின் புணரிகள்: எக்ஸ்+, வை

எச்சங்கள்:
எக்ஸ்+ எக்ஸ்+ – சாதாரண மகள்
எக்ஸ்+ எக்ஸ்– – காவியான மகள்
எக்ஸ்+ வை – சாதாரண மகன்
எக்ஸ்– வை – நோயுள்ள மகன்

எனவே மகன் ஒருவனுக்கு நோய் ஏற்படும் நிகழ்தகவு 1/2. மகள் ஒருத்தி காவியாகும் நிகழ்தகவு 1/2. பிறக்கும் எப்பிள்ளையும் நோயுள்ள மகனாயிருக்கும் நிகழ்தகவு 1/4. இது ஒவ்வொரு பிறப்புக்கும் தனித்தனியே பொருந்தும். முதல் மகனுக்கு நோய் உண்டாதலால் இரண்டாம் மகன் தப்பிவிடுவான் எனக் கொள்ளல் தவறு.

காவிகள் பெரும்பாலும் சுகதேகிகள். எனினும் சிலரில் தசைப் பலவீனமோ இதயத்தசைப் பாதிப்போ ஏற்படலாம். ஆதலால் அவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொள்வது நன்று.

டுசென் நோயாளர் முற்காலத்தில் பிள்ளைகளைப் பெறும் வயதை அடைந்தது அரிது. அவ்வாறாயின் விகார எதிருரு தலைமுறைதோறும் குறைந்து மறைந்திருக்க வேண்டுமல்லவா? மறையாமைக்குக் காரணம், புதிய விகாரங்கள் தொடர்ந்து தோன்றுவதே. நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரில் தாய் காவியன்று; விகாரம் புதிதாகவே தோன்றியுள்ளது.

9. சிகிச்சை முயற்சிகள்

இந்நோயை முற்றாகக் குணமாக்கும் சிகிச்சை இன்னும் இல்லை. ஸ்ரீரொயிட் வகை மருந்துகள் தசைச்சிதைவைத் தாமதப்படுத்துகின்றன. உடற்பயிற்சி மருத்துவம், இதயப் பராமரிப்பு, சுவாச உதவி ஆகியவற்றால் நோயாளரின் ஆயுள் முன்னரிலும் கூடியுள்ளது. இன்று பலர் முப்பது வயதையும் கடக்கின்றனர்.

முன்னர் கண்ட மூன்றெழுத்து விதியே புதிய சிகிச்சைகளுக்கும் வழிகாட்டியது. வாசிப்பு ஒழுங்கு குலைந்திருந்தால் மேலும் ஓர் எக்சோனை வாசிக்காது தாண்டச் செய்து ஒழுங்கை மீட்கலாம். எக்சோன் 51 ஐத் தாண்டச் செய்யும் மருந்தொன்று 2016 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. எனினும் இதனால் உண்டாகும் டிஸ்ரோபினின் அளவு மிகச் சிறிது. மேலும், குறித்த விகாரமுள்ளவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

மற்றைய வழி, தீங்கற்ற வைரசு ஒன்றின் மூலம் பரம்பரையலகைத் தசைக்குள் செலுத்துவதாகும். இதற்குப் பயன்படும் வைரசு ஏறத்தாழ 4700 எழுத்துக்களையே சுமக்கும். டிஸ்ரோபினுக்கோ 11,000 எழுத்துக்கள் தேவை. எனவே இரு முனைகளையும் வைத்துக்கொண்டு நடுத்தண்டைப் பெரிதும் குறுக்கிய நுண் டிஸ்ரோபின் ஆக்கப்பட்டது. 46% ஐ இழந்தும் நடமாடிய மனிதரின் உடல் காட்டிய பாடமே இதற்கு அடிப்படை. இச்சிகிச்சை 2023 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் 2025 இல், சிகிச்சை பெற்ற நோயாளரிற் சிலர் கடுமையான ஈரற் பாதிப்பினால் இறந்தமையால் அதன் பயன்பாடு மட்டுப்படுத்தப்பட்டது. பரம்பரையலகுச் சிகிச்சையில் நன்மையையும் ஆபத்தையும் ஒருங்கே எடைபோட வேண்டும் என்பதற்கு இது உதாரணமாகும்.

10. சமூகத்திலுள்ள தவறான கருத்துக்கள்

விஞ்ஞான அறிவு பரீட்சைத் தாளுடன் முடிந்துவிடுவதில்லை. பின்வரும் கூற்றுக்களை நீங்கள் கேட்க நேரிட்டால் காரணத்துடன் மறுக்க உங்களால் இயலவேண்டும்.

"பிள்ளை சோம்பேறி, ஓட விட்டால் சரியாகும்." – பிழை. டிஸ்ரோபினற்ற தசையைக் கடும் பயிற்சி மேலும் சிதைக்கும். எப்பயிற்சி, எவ்வளவு என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

"கெண்டைக்கால் பருத்திருக்கிறது, ஆகவே தசை பலமாயிருக்கிறது." – பிழை. பருமன் கொழுப்பாலும் நார்த்தொடுப்பிழையத்தாலும் ஏற்பட்டது.

"சொந்தத்திற் திருமணஞ் செய்ததாலேயே மகனுக்கு இந்நோய் வந்தது." – பிழை. மகனுக்குத் தந்தையிடமிருந்து கிடைப்பது வை நிறமூர்த்தமேயாகும். தந்தை தாயின் உறவினராயினும் அந்நியராயினும் மகனின் எக்ஸ் நிறமூர்த்தம் தாயிடமிருந்தே வருகின்றது.

"அப்படியானால் தாய்தான் குற்றவாளி." – இதுவும் பிழை. தன்னிடம் எந்த எதிருரு உண்டு என்பதையோ, எச்சூல் கருக்கட்டப்படும் என்பதையோ எவரும் தெரிவு செய்வதில்லை. மூன்றில் ஒரு பங்கு சந்தர்ப்பங்களில் தாயிடம் அந்த எதிருரு இருப்பதுமில்லை.

வகுப்பில் அடிக்கடி விழும், படியேறும்போது பின்தங்கும் ஒரு சிறுவனைக் கண்டால் கேலி செய்யாது, ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ அறிவியுங்கள். காலந்தாழ்த்தாது வைத்தியரிடஞ் செல்வது அவன் நடக்கக்கூடிய ஆண்டுகளைக் கூட்டும்.

சுருக்கம்

• அக்ரின் குழியவன்கூட்டின் நுண்ணிழைகளை ஆக்குகின்றது. அதன் வேலைகளைப் பிணைப்புப் புரதங்கள் ஒழுங்குபடுத்துகின்றன.
• டிஸ்ரோபின் அக்ரினைக் கலமென்சவ்வுடன் இணைத்து, சுருக்கத்தின்போது மென்சவ்வு கிழியாது காக்கின்றது.
• வாசிப்பு ஒழுங்கைக் குலைக்கும் விகாரம் பொதுவாக டுசென் நோயையும், குலைக்காத விகாரம் பொதுவாகப் பெக்கர் நோயையும் தரும்.
• பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. விகார எதிருரு பின்னிடைவானது.

பயிற்சி வினாக்கள்

1. டிஸ்ரோபினின் பிரதான தொழில் யாது?
(1) தசைக்கு ஏ.ரி.பி. வழங்கல்
(2) மயோசினை இழுத்தல்
(3) கலமென்சவ்வைச் சுருக்கத்தின் விசையிலிருந்து காத்தல்
(4) நரம்புக் கணத்தாக்கத்தைக் கடத்தல்

2. தசைச்சிதைவுள்ள சிறுவனின் குருதியில் கிரியற்றின் கைனேசு கூடுவது ஏன்?

3. எக்சோன் 50 இல் 109 எழுத்துக்களும் எக்சோன் 51 இல் 233 எழுத்துக்களும் உள்ளன.
(அ) எக்சோன் 50 மட்டும் இழக்கப்பட்டால் வாசிப்பு ஒழுங்கு குலையுமா?
(ஆ) எக்சோன் 51 உம் தாண்டப்பட்டால் என்ன நிகழும்? எத்தனை அமினோ அமிலங்கள் குறையும்?

4. பெக்கர் நோயுள்ள ஒருவர் காவியல்லாத பெண்ணை மணக்கின்றார். அவர்களது ஆண், பெண் பிள்ளைகளின் பிறப்புரிமையமைப்புகளைத் தருக.

விடைகள்

1. (3)

2. கலமென்சவ்வு சேதமடைவதால், தசை நாரினுள்ளிருக்க வேண்டிய நொதியம் குருதிக்குட் கசிகின்றது.

3. (அ) ஆம். 109 மூன்றால் மீதியின்றி வகுபடாது.
(ஆ) 109 + 233 = 342 = 3 × 114. வாசிப்பு ஒழுங்கு மீளும். 114 அமினோ அமிலங்கள் குறைந்த டிஸ்ரோபின் உண்டாகும்.

4. ஆண் பிள்ளைகள் யாவரும் எக்ஸ்+ வை, நோயற்றவர். பெண் பிள்ளைகள் யாவரும் எக்ஸ்+ எக்ஸ்–; காவிகள்.

குறிப்பு: நான்காம் வினாவில் மாணவர் பலர் "மகன்களுட் பாதிப்பேர் நோயாளர்" என எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். மகனின் எக்ஸ் நிறமூர்த்தம் யாரிடமிருந்து வருகின்றது என முதலில் எழுதிவிட்டு விடையளித்தால் இத்தவறு நேராது.